காப்பியும் கைலாசபுரத்துப் பெரியப்பாவும்: புதுமைப்பித்தன் கதையில் விருந்தும் உறவும் உவகையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சமூகத்தில் காப்பி பெற்ற இடத்தைப் பண்பாட்டு வரலாற்று ஆய்வுகள் தகுதியின் அடையாளமாக விளக்கியுள்ளன. நினைவலைக் கட்டுரைகளோ அதனைக் குடும்ப மகிழ்ச்சியின் மணமாகப் போற்றுகின்றன. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) சிறுகதையை இவ்விரு நோக்குகளுக்கும் நடுவில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. காப்பியால் விளையும் உவகை சுவையைவிட வழங்குதல் என்னும் செயலையே மிகுதியும் சார்ந்திருக்கிறது என்பதையும், அதனால் யார் யாருக்கு வழங்குகிறார் என்ற கேள்வி அவ்வுவகையிலிருந்து பிரிக்க முடியாதது என்பதையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணையுடன் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புதுமைப்பித்தன், காப்பி, விருந்தோம்பல், உவகை, மெய்ப்பாடு, உறவுமுறை, சாதி.

முன்னுரை

தமிழர் காப்பியைக் ‘குடிப்பதோடு’ நில்லாமல் ‘சாப்பிடுகின்றனர்’. நீர்மப் பொருள் ஒன்றிற்கு உணவுக்குரிய வினை வந்து சேர்ந்திருப்பது கருதத்தக்கது. வீட்டிற்கு வந்தவரிடம் ‘காப்பி சாப்பிடுகிறீர்களா?’ எனக் கேட்கும்போது, ஒருவேளைச் சோறிட்டு அனுப்பும் பழைய கடமையின் சுருங்கிய வடிவம் அவ்வினாவில் ஒலிக்கிறது. ‘குளம்பி’, ‘கொட்டை வடிநீர்’ முதலிய தனித்தமிழ் ஆக்கங்கள் எழுத்தில் உலவியும், வாசலில் நின்று வரவேற்கும் பேச்சில் அவை இடம்பெறவில்லை. ஈழத்தில் ‘கோப்பி’ என்றும் தமிழகத்தில் ‘காப்பி’, ‘காபி’ என்றும் வழங்கும் இச்சொல், ஒரு பானத்தின் பெயர் என்ற நிலையைக் கடந்து உபசாரத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

இவ்வாறு வீட்டு வழக்கில் ஊன்றிய காப்பி, நவீனத் தமிழ்ப் புனைகதையில் பின்னணிப் பொருளாகவே பெரும்பாலும் வாசிக்கப்பட்டுள்ளது. கதையின் போக்கைத் திருப்பும் நிகழ்வாக அது அமையும் இடங்கள் தனிக் கவனம் பெறவேண்டியவை. அத்தகைய படைப்புகளுள் முதன்மையான ஒன்று ‘கலைமகள்’ இதழில் 1943ஆம் ஆண்டு வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகும். இக்கதை வழக்கமாகச் சமய எள்ளலாகவோ நகர வாழ்வின் அங்கதமாகவோ விளக்கப்படுகிறது. இக்கட்டுரை அதனை விருந்தோம்பலின் கதையாக வாசிக்கிறது.

காப்பி பற்றிய இரு நோக்குகள்

காப்பியைத் தமிழ்ச் சமூக வரலாற்றின் ஆய்வுப்பொருளாக்கிய முன்னோடி முயற்சி ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் கட்டுரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பரவிய இப்பழக்கம் முதலில் ஐயத்தோடும் கண்டனத்தோடும் எதிர்கொள்ளப்பட்டு, பின்னர் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக நிலைபெற்றதை அவ்வாய்வு காட்டுகிறது. காப்பி நடுத்தர வர்க்கத்திற்கும் தேநீர் உழைப்பாளருக்கும் உரியனவாகப் பிரிந்த விதமும், சாதிப் பாகுபாடு காப்பிக் கடைக்குள் நுழைந்த விதமும் அதனால் துலக்கம் பெற்றன.

மற்றொரு நோக்கு நினைவேக்கம் சார்ந்தது. பித்தளை வடிகட்டி, டவரா, தம்ளர், விடியற்காலையில் கொட்டை வறுபடும் மணம், கும்பகோணத்து டிகிரி காப்பி என அது ஒரு குடும்பச் சித்திரத்தை வரைகிறது. அச்சித்திரத்தில் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கின்றனர். ஆனால் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவர் யார் என்பது அங்குக் கேட்கப்படுவதில்லை.

முதல் நோக்கு காப்பியின் சமூகப் பொருளை அறியச் செய்கிறது. எனினும், தகுதியின் அடையாளம் என்ற விளக்கம் மட்டும் கொண்டு, ஒரு கோப்பைக் காப்பி மனிதரை ஏன் நெகிழ்விக்கிறது என்பதை முழுமையாக உணர்த்த இயலாது. இரண்டாம் நோக்கு நெகிழ்ச்சியை அறியும்; அதன் விலையை அறியாது. புதுமைப்பித்தனின் கதை நெகிழ்ச்சியையும் விலையையும் ஒருங்கே கணக்கில் கொள்கிறது. இங்குக் ‘கணக்கு’ என்ற சொல் உருவகம் அன்று. கதை தொடங்குவதே ஒரு கணக்கில்தான்.

அரைக் கோப்பையின் கணக்கு

சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்றபடி கந்தசாமிப் பிள்ளை கணக்கிடுகிறார். டிராமில் சென்றால் மிஞ்சும் காசில் வெற்றிலை பாக்குப் போடலாம்; பேருந்தில் நடத்துநரை ஏமாற்றிச் சற்றுத் தொலைவு சென்று, பிறகு சீட்டு வாங்கினால் அரைக் கோப்பைக் காப்பி குடிக்கலாம்; அப்போது வெற்றிலை கிடையாது. ‘சித்த வைத்திய தீபிகை’ என்னும் பத்திரிகையை நடத்தும் ஒருவரின் அன்றைய இன்பத்தின் எல்லை இவ்வளவே.

இக்கணக்கு போர்க்காலச் சென்னைக்குரியது. இரண்டாம் உலகப்போரால் ஐரோப்பியச் சந்தை அடைபட்ட நிலையில், இந்தியக் காப்பிக்கு உள்நாட்டிலேயே குடிப்போரைத் தேடவேண்டிய தேவை எழுந்தது. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் இச்சூழலில் பிறந்ததாகும். தோட்டத் தொழில் தன் மிகுவிளைச்சலுக்கு வாய்களைத் தேடிய அதே காலத்தில், நகரத்துக் கீழ்நடுத்தர வர்க்கத்தின் பிரதிநிதி ஒருவர் அரைக் கோப்பைக்கு வழி தேடி நடைபாதையில் நிற்கிறார். வெற்றிலையா காப்பியா என்ற அவருடைய தடுமாற்றத்தில் உபசாரத்தின் இரு காலங்கள் எதிரெதிரே நிற்கின்றன. விருந்தினருக்குத் தாம்பூலம் நீட்டுவது பழைய முறை. காப்பி நீட்டுவது புதிய முறை. பிள்ளையால் இரண்டில் ஒன்றையே, அதுவும் தமக்காக மட்டுமே வாங்க இயலும். பிறருக்கு வழங்கும் வாய்ப்பு அக்கணக்கில் முதலில் இடம்பெறவே இல்லை.

தாகமும் உறவும்

இந்நிலையில் ஓர் அந்நியர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். தாகமாக இருக்கிறது என்கிறார். அங்கே தண்ணீர் கிடைக்காது, வேண்டுமானால் காப்பி சாப்பிடலாம் என்பது பிள்ளையின் மறுமொழி. தண்ணீர்ப்பந்தல் வைத்து வழிநடையாளரின் தாகம் தீர்த்த மரபில், குடிநீர் இலவசமாகக் கிடைக்காது, விலைக்குக் காப்பி கிடைக்கும் என்ற நிலையைப் புதுமைப்பித்தன் ஒரே மறுமொழியில் பதிவு செய்துவிடுகிறார்.

உணவுவிடுதியில் நிகழும் உரையாடல் கதையின் நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற பகுதி. ‘கப்’ என்பதற்கும் ‘காப்பி’ என்பதற்கும் பன்மை விகுதி எங்கே சேர்ப்பது என்று கடவுளும் மனிதரும் இலக்கணம் பேசுகின்றனர். காப்பியின் சுவையைக் கடவுள் தம் திருவிளையாடலாகக் கருத, அது விடுதிக்காரர் கலந்த சிக்கரித்தூளின் விளையாட்டு எனப் பிள்ளை திருத்துகிறார்; கட்டணம் செலுத்தும் கட்டத்தில் வேண்டுமானால் கடவுள் தம் லீலையைக் காட்டலாம் என்றும் குறிப்பிடுகிறார். இது வெறும் நகைச்சுவை அன்று. வறுத்துப் பொடித்த சிக்கரி வேர் காப்பிக்கு நிறமும் கசப்பும் கெட்டித்தன்மையும் தருவது, செலவைக் குறைப்பது. இன்பத்தின் மூலம் தெய்வத்திடம் இல்லை, ஒரு வணிகக் கலவையில் இருக்கிறது என்பது பிள்ளையின் உலகியல் அறிவு. ஆயினும், அக்கலவையைக் குடித்த முகத்தில் தோன்றும் பொலிவை ஆசிரியர் மறுக்கவில்லை. சோமபானம் அருந்தியதற்கு ஒப்பிடுகிறார். கலப்படம் உண்மை, மகிழ்ச்சியும் உண்மை.

கட்டணத்தைச் செலுத்துவதற்குக் கடவுளிடமிருந்து நூறு ரூபாய்த் தாள் வெளிப்படுகிறது. ஆக, விருந்துக்கு அழைத்தவர் பிள்ளை, செலவு விருந்தினருடையது. மரபான விருந்தோம்பலின் இலக்கணம் இங்குத் தலைகீழாகிறது. எனினும் உறவு தொடங்குவது இந்த இடத்திலிருந்துதான். உடன் அமர்ந்து காப்பி அருந்திய அந்நியரைப் பிள்ளை திருவல்லிக்கேணியில் உள்ள தம் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறார். மனைவி காந்திமதியிடம் ‘கைலாசபுரத்துப் பெரியப்பா’ என்று அறிமுகம் செய்கிறார்.

இவ்வறிமுகமே கதையின் திருப்பம். கடவுளுக்குத் தமிழ்ப் பக்தி மரபு தந்தை, தாய், தோழன், தலைவன் எனப் பல உறவுகளைச் சூட்டியிருக்கிறது. அவையெல்லாம் வழிபாட்டு உறவுகள். ‘பெரியப்பா’ என்பதோ வீட்டு உறவு. ஊரிலிருந்து வந்து சில நாள் தங்குபவர், குழந்தைக்குத் தாத்தா முறை ஆகிறவர், சொல்லாமல் வந்தாலும் திருப்பி அனுப்ப முடியாதவர் என அச்சொல்லுக்குள் ஒரு குடும்ப ஏற்பாடே அடங்கியுள்ளது. ஊர்ப்பெயரும் முறைப்பெயரும் சேர்ந்த அந்த அழைப்பு கடவுளைத் தென்பாண்டிக் குடும்பம் ஒன்றின் கிளைவழியில் இருத்திவிடுகிறது. வரம் பெறுவதற்காக அன்றி, வீட்டில் தங்குவதற்காகக் கடவுளை ஏற்றுக்கொள்வதில் பிள்ளையின் பெருமை வெளிப்படுகிறது.

உவகையின் நிலைக்களன்கள்

மகிழ்ச்சி எதிலிருந்து பிறக்கிறது என்ற வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் விடை கூறியுள்ளது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என உவகையின் நிலைக்களன்கள் நான்கு. உரையாசிரியர்கள் இவற்றை அகப்பொருள் மரபுக்கேற்ப விளக்குவர். அவ்விளக்கங்களிலிருந்து சற்று விலகி, நவீனக் கதையை அளக்கும் கருவியாக இந்நான்கையும் கொள்ளலாம்.

செல்வம் இக்கதையில் நூறு ரூபாய்த் தாளாகவும் பத்திரிகையின் ஆயுட்சந்தாவாகவும் வருகிறது. அது தேவையைத் தீர்க்கிறது, எவரையும் மகிழ்விப்பதில்லை. புலன் வழிப்பட்ட இன்பம் காப்பியின் சுவையில் உள்ளது. சிக்கரி அதனை உடனே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. புணர்வு என்பதைச் சேர்க்கை என்ற விரிந்த பொருளில் கொண்டால், அந்நியர் பெரியப்பா ஆகும் நிகழ்வு அதன்பாற்படும். விளையாட்டுக்கு இலக்கியமாகச் சிறுமி வள்ளி நிற்கிறாள். அவள் கடவுளைத் தாத்தா ஆக்கிக்கொண்டு விளையாடுகிறாள். அவளிடம் தோற்பதிலும் அவருக்கு மகிழ்ச்சியே. ஐயமோ கணக்கோ கலவாத உவகையைக் கதை வழங்குவது இப்பகுதியில் மட்டுமே.

இந்நான்கும் கதையில் ஒரு வரிசையில் வருகின்றன என்பது நோக்கத்தக்கது. பணமும் சுவையும் விடுதியோடு நின்றுவிட, உறவும் விளையாட்டும் வீட்டிற்குள் தொடர்கின்றன. காப்பி இவ்விரு இணைகளுக்கும் நடுவிலுள்ள வாயில். அது தானே மகிழ்ச்சியைத் தருவதில்லை. மகிழ்ச்சி நேரக்கூடிய இருக்கையில் இருவரை எதிரெதிரே அமர்த்துகிறது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரம் வருவோரின் மனம் வாடுவதை அனிச்ச மலரோடு ஒப்பிட்டு, விருந்தளிப்பவரின் முகத்தை அதற்குக் காரணமாக்குகிறது. உணவைவிட முகம் முதன்மை பெறும் அவ்வறம், சிக்கரி கலந்த கோப்பையிலும் தொடர முடியும் என்பதைக் கதை காட்டுகிறது.

அல்லல் நீங்கிய உவகை

தொல்காப்பியர் உவகையை அல்லல் நீங்கியது என்று அடைகொடுத்துச் சுட்டுகிறார். யாருடைய அல்லல் என்ற வினாவை இக்கதையின்முன் வைக்கும்போது திறனாய்வு தன் கடினமான பகுதியை அடைகிறது.

முதலாவது, விடுதியின் கதவு. கந்தசாமிப் பிள்ளையும் விருந்தினரும் தடையின்றி உள்ளே சென்று அமர்கின்றனர். அக்காலத்துச் சென்னையில் அவ்வுரிமை அனைவருக்கும் ஒத்ததாக இருக்கவில்லை. ‘பிராமணாள்’ என்ற அடைமொழி உணவுவிடுதிப் பெயர்ப்பலகைகளில் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. பிள்ளையின் வீடு இருந்த அதே திருவல்லிக்கேணியில், 1957ஆம் ஆண்டு முரளி கபே பெயர்ப்பலகையிலிருந்து அச்சொல்லை அகற்றக்கோரிப் பெரியார் தலைமையில் திராவிடர் கழகம் மறியல் நடத்தியது. சிற்றூர்த் தேநீர்க்கடைகளின் இரட்டைத் தம்ளர் முறையோ அதற்குப் பின்னும் நீடித்தது. அந்நியரை உறவாக்கும் ஆற்றல் கோப்பைக்கு உண்டு எனில், உடன் வாழ்வோரை அந்நியராக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஒரே தம்ளரில் வழங்குவது உறவின் குறி என்பதனாலேயே, தனித் தம்ளரில் வழங்குவது அத்துணை ஆழமான இழிவாகிறது. வந்தவர் கடவுளாக இருந்தமையால் அவர் எவ்விடத்தும் ஏற்புடையவர். வழி கேட்டு வந்தவர் சேரிவாழ் உழைப்பாளி ஒருவராக இருந்திருப்பின் ‘பெரியப்பா’ என்னும் சொல் பிறந்திருக்குமா என்பது கதை எழுப்பாத, ஆனால் வாசகர் எழுப்ப வேண்டிய வினா.

இரண்டாவது, அடுக்களை. தொல்காப்பியக் கற்பியல் விருந்தினரைப் பேணுதலையும் சுற்றத்தைக் காத்தலையும் மனைவியின் மாண்புகளாக எண்ணுகிறது. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் கண்ணகி, கணவனைப் பிரிந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமையை இழந்தமையைக் குறிப்பிட்டு வருந்துகிறாள். பெண்ணுக்கு இது உரிமையா சுமையா என்பதைப் பழைய நூல்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. காப்பி வழங்கும் வீட்டிலும் அம்மயக்கம் தொடர்கிறது. முதல் டிகாக்‌ஷன் குடும்பத்தின் மூத்த ஆண்களுக்கும், அடுத்தடுத்த நீர்த்த வடிப்புகள் பெண்களுக்கும் வேலையாட்களுக்கும் எனப் பங்கிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. பெண் பார்க்கும் சடங்கில் காப்பித் தட்டை ஏந்தி வருபவளே அங்கு மதிப்பிடப்படும் பொருளாகவும் ஆகிறாள். புதுமைப்பித்தன் கதையின் உரையாடல் பெரும்பாலும் இரு ஆண்களுக்கிடையிலேயே நிகழ்கிறது. விருந்தினரை அழைத்து வருபவர் கணவர். அவ்வழைப்பை நிறைவேற்றும் பொறுப்பு காந்திமதியினுடையது. இந்த இடைவெளியைத் தமிழ்ப் புனைகதை முழுமையாக எதிர்கொள்ள அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ போன்ற எழுத்துகள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது, தோட்டம். காப்பிக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு குடிப்பதிலிருந்து தொடங்கவில்லை, பயிரிடுவதிலிருந்து தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்து உழைப்பாளர் பெருந்தொகையாகச் சென்றனர். 1869இல் அத்தோட்டங்களை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. அதன் விளைவாகப் பின்னாளில் காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. அதே 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ காப்பிப் பயிர்த்தொழிலையே பாடுபொருளாகக் கொண்டது. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் காலைப்பொழுதுக்குள் காப்பி வருவதற்கு முன்பே, குடும்பங்களைப் பிரித்துக் கடல்கடத்திய பயிராக அது தமிழர் வாழ்வில் இருந்தது. புதுமைப்பித்தன் இதனை அறியாதவர் அல்லர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதியின் வாழ்வைச் சொல்லும் ‘துன்பக்கேணி’யும் அவர் எழுதியதே. ஒரே ஆசிரியரின் இவ்விரு கதைகளை அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் கோப்பையின் உவகையும் தோட்டத்தின் அல்லலும் ஒரே வரலாற்றின் இரு முனைகள் என்பது புலப்படுகிறது.

உடன் வாழ்தல்

கதையின் இறுதியில் கடவுளும் தேவியும் பிழைப்புக்காக ஆடல் கலையை நம்புகின்றனர். செல்வாக்கு மிக்க பிரமுகரின் முன்னிலையில் அவ்வாடல் ஏற்கப்படவில்லை. உலகம் தம்மை ஏற்காத நிலையில், மனிதருக்கு எட்ட நின்று வரமளிக்க முடியுமே அன்றி உடன் வாழ முடியாது என்ற முடிவுக்குக் கடவுள் வருகிறார். ஆயுட்சந்தாவாக இருபத்தைந்து ரூபாயை விட்டுவிட்டு மறைகிறார். பிள்ளை அத்தொகையைக் கணக்கில் வரவு வைக்கிறார். கணக்கில் தொடங்கிய கதை கணக்கில் முடிகிறது போலத் தோன்றுகிறது.

ஆனால் கதையை முடித்து வைப்பவர் பிள்ளை அல்லர். தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்டபடி குழந்தை உள்ளே வருகிறது. கடவுள் மறைந்துவிட்டார் என்பது அக்குழந்தைக்குப் பொருட்டன்று. ஊருக்குப் போனவர் திரும்பி வரக்கூடியவர். உடன் வாழ இயலாது என்று கடவுள் கைவிட்ட உறவைக் குழந்தையின் அவ்வினா இயல்பாகத் தொடர்கிறது. வரம் கொடுத்தல் ஒருவழிப்பட்டது. கொடுப்பவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் நிற்பர். உடன் வாழ்தலோ கோப்பையின் விலை, அடுக்களையின் உழைப்பு, தங்கும் நாட்களின் சலிப்பு ஆகிய அனைத்தையும் பகிரக் கோருவது. கடவுளால் இயலாத அதனைக் குடும்பங்கள் நாள்தோறும் குறைகளோடு செய்துவருகின்றன என்பதே கதையின் உள்ளுறை.

முடிவுரை

காப்பியைத் தகுதியின் அடையாளமாகக் காணும் ஆய்வும், குடும்ப இன்பத்தின் குறியாகக் காணும் நினைவேக்கமும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. வழங்குதலால் உறவு பிறக்கிறது என்பதனால்தான் வழங்க மறுத்தல் தகுதிப் படிநிலையை உண்டாக்குகிறது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ முதற்பகுதியைத் தெளிவாகக் கூறுகிறது. மறுபகுதியைத் ‘துன்பக்கேணி’ முதலிய பிற எழுத்துகளின் துணைகொண்டே வாசகர் நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. இவ்வரையறையால் கதையின் மதிப்புக் குறைவதில்லை. அதன் விருந்தோம்பல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பது தெளிவாகிறது.

மனிதரை மகிழ்விப்பது எது என்ற வினாவிற்கு இக்கதைவழி கிடைக்கும் விடை எளியது. அரைக் கோப்பைக்குக் கணக்கிட்டுக்கொண்டிருந்த ஒருவர், தாகமென்று வந்தவரோடு உடன் அமர்ந்தபோது அக்கணக்கை மறக்கிறார். அந்த மறதி எவருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்பதைத் தோட்டத்திலும் அடுக்களையிலும் விடுதி வாசலிலும் தேடுவது, தமிழ்ப் புனைகதையில் உணவையும் உறவையும் ஆராய்வோர் மேற்கொள்ள வேண்டிய அடுத்த பணியாகும்.